முதல் ஊசி யாருக்கு?



சென்ற மழைக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, நம் மருத்துவமனைக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்துவரும் ஒரு கிராமச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தாய்மார் வார்டுகளைப் பார்வையிட வந்திருந்தார்கள். பிடியரிசி சேர்த்து விற்ற பணத்தில், "முதியோருக்கு ஃபுளூ தடுப்பூசி போடுவதற்காக" என்று எழுதி அவர்கள் ஒரு தொகையை அனுப்பியிருந்தார்கள். ஊசி போடும் நாளிலேயே வந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. வந்தவர்கள் கண்ட முதல் காட்சி, பச்சிளங் குழந்தைகள் வார்டின் ஆயா ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான்.

அவர்களில் மூத்தவரான ஒரு தாயார் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "டாக்டரம்மா, நாங்க பாட்டி தாத்தாமாருக்குன்னு சொல்லித்தானே குடுத்தோம்? முதல் ஊசியை ஆயாவுக்குப் போடுறீங்களே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அந்தச் சபை கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் முதியோருக்கான ஊசிக்கே செலவானது. ஆயாவுக்குப் போட்டது மருத்துவமனையின் சொந்தப் பணத்தில் வாங்கியது. அதைச் சொன்னதும் அவருக்குத் திருப்தியாயிற்று. எனக்குத்தான் ஆகவில்லை. ஏனென்றால், எல்லாம் ஒரே பையிலிருந்த பணமாக இருந்திருந்தாலும், உங்கள் அனுமதியோடு நான் அந்த ஆயாவுக்கே முதலில் போட்டிருப்பேன். அதற்கான காரணத்தை வராந்தாவில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஃபுளூ என்றதும் நம்மில் பலர் சாதாரண ஜலதோஷத்தை நினைத்துக்கொள்கிறோம். இன்புளூயன்சா வைரஸால் வரும் இந்தக் காய்ச்சல், நல்ல ஆரோக்கியமுள்ளவரை ஒரு வாரம் படுக்கையில் போட்டு, உடம்பை அடித்துப் போட்டதுபோலாக்கி, பிறகு விட்டுவிடும். ஆனால் எல்லாரையும் அப்படி விட்டுவிடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் உலகமெங்கும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இதனால் உண்டாகும் சுவாசக் கோளாறுகளால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மரணச் சான்றிதழில் பெரும்பாலும் "நிமோனியா" என்றோ "மாரடைப்பு" என்றோதான் இருக்கும். ஃபுளூவின் பெயர் அதில் வருவது அபூர்வம்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் போலியோ, அம்மை ஊசிகளைப்போலச் சிறு வயதில் போட்டு மறந்துவிடக் கூடியதல்ல. இந்த வைரஸ் அடிக்கடி தன் சட்டையை மாற்றிக்கொள்ளும். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்த பருவத்து ஊசியில் எந்தெந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். சில ஆண்டுகள் நான்கு வகைகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்று 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகக் கண்டுபிடிக்கப்படாததால், இப்போது மூன்று வகைகளே போதும் என்கிறார்கள். சென்ற ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்கு உதவாது. போட்ட பிறகும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். வகைகள் நன்றாகப் பொருந்திய ஆண்டுகளிலும், ஃபுளூவுக்காக டாக்டரிடம் போகவேண்டிய நிலைமையை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கும்.

"அவ்வளவுதானா?" என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவுதான். ஊசி போட்டும் ஃபுளூ வருகிறவர்கள் உண்டு; ஆனால் அவர்களுக்கு அது கடுமையாவது குறைவு. இந்த ஊசியைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லி உங்களிடம் பணம் கேட்க எனக்கு விருப்பமில்லை.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. யாருக்கு இந்த ஊசி மிகவும் தேவையோ, அவர்கள் உடம்பில்தான் அது மிகவும் குறைவாக வேலை செய்கிறது. எண்பது வயதுக்காரரின் உடம்பு, இருபது வயதுக்காரரின் உடம்பைப்போல எதிர்ப்புச் சக்தியை உண்டாக்காது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கோ இந்த ஊசியைப் போடவே கூடாது. ஆகவே "யார் மிகவும் பலவீனரோ அவருக்கு முதலில்" என்ற விதி, கேட்க நியாயமாகத் தோன்றினாலும், பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஓலைக் கூரையில் தீப்பிடித்தால் நம் கிராமத்தார் என்ன செய்கிறார்கள்? எரிகிற கூரைக்கு மட்டுமா தண்ணீர் ஊற்றுகிறார்கள்? பக்கத்துக் கூரையை அல்லவா முதலில் நனைக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் டாக்டராகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயம், வேறொரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம், ஆள் பற்றாக்குறை. எனக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தும், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் தொடர்ந்து ஆண்கள் வார்டைச் சுற்றி வந்தேன். அது பெரிய தியாகம் என்று அப்போது எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அந்த வாரக் கடைசியில் வார்டில் நான்கு பேருக்குப் புதிதாகக் காய்ச்சல் கண்டது. அதில் ஒருவர், காசநோய் குணமாகியும் நுரையீரல் பாதி கெட்டுப்போயிருந்த ஒரு நெசவாளர். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தோம். அவர் வீட்டுக்குப் போகவில்லை. அன்று பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை. என்னிடமிருந்துதான் தொற்றியது என்று யாரும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு நான் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எனக்கு இளவயது, ஆரோக்கியம். நோயாளிகளுக்கு வேண்டியது எனக்கு எதற்கு என்ற எண்ணம்.

ஃபுளூ பிடித்தவர் தமக்கு அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவர்களுக்கு அதைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார் என்பதை நினைவில் வையுங்கள். "உடம்பு சரியில்லை என்றால் லீவு எடுங்கள்" என்று சொல்வது மட்டும் போதாது. குழந்தைகள் வார்டின் ஆயா ஒரு நாளில் எத்தனை குழந்தைகளைத் தூக்குகிறார், எத்தனை தொட்டில்களின்மேல் குனிகிறார் என்று எண்ணிப் பாருங்கள். டாக்டர் ஒரு குழந்தையிடம் இரண்டு நிமிடம் நிற்பார். ஆயா நாள் முழுவதும் அங்கேயே இருக்கிறார். ஆகவே முன்வரிசை என்று நான் சொல்வது டாக்டர்களை மட்டுமல்ல. ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர், ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர், வார்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர் எல்லாரும் அதில் அடக்கம். பல இடங்களில் டாக்டர்களுக்கும் நர்ஸ்மாருக்கும் போட்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் இவர்களுக்குக் கிடைக்கும். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணியாளருக்கு ஊசி போட்டால் நோயாளி பிழைப்பாரா? ஸ்காட்லாந்தில் முதியோர் நீண்ட காலம் தங்கும் 20 மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்து, முடிவை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு பகுதி மருத்துவமனைகளில் பணியாளருக்கு ஊசி அளிக்கப்பட்டது. ஏறக்குறையப் பாதிப்பேர் போட்டுக்கொண்டார்கள். மறு பகுதியில் இருபதில் ஒருவரே போட்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் முதல் பகுதியில் நோயாளிகளில் 13.6 சதவீதம் பேரும், மறு பகுதியில் 22.4 சதவீதம் பேரும் இறந்தார்கள். வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு ஃபுளூ ஊசி ஒன்றே காரணமாக இருக்க முடியாது என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் சந்தேகம் தெரிவித்திருக்கிறார்கள். அது நியாயமான சந்தேகம் என்றே நானும் நினைக்கிறேன். நன்மை உண்டு, எவ்வளவு என்பதில்தான் வாதம். எனக்கு அந்த நெசவாளரின் கட்டில் போதுமான சாட்சி. ஆனால் டாக்டர் ஒருவரின் மனச்சாட்சி ஆராய்ச்சி ஆகாது என்பதும் தெரியும்.

அடுத்தது கர்ப்பிணித் தாய்மார். இங்கே எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கர்ப்ப காலத்தில் ஃபுளூ வந்தால் தாய்க்கே ஆபத்து அதிகம். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று சொல்லப்பட்ட புதிய ஃபுளூ பரவியபோது பல நாடுகளிலும் இதைக் கண்ணால் கண்டார்கள். அதோடு ஊசி போட முடியாத அந்தச் சிசுவுக்கும் தாயின் வழியாகவே பாதுகாப்புப் போய்ச் சேருகிறது. இதைக் காட்டிய ஆய்வு நம் அண்டை நாடான வங்கதேசத்தில், டாக்காவில் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அது ஃபுளூவுக்காகத் தொடங்கிய ஆய்வே அல்ல. நிமோகாக்கஸ் என்ற வேறொரு கிருமிக்கான ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். 340 தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு அந்த ஊசியும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றவர்களுக்கு ஃபுளூ ஊசியும் போட்டார்கள். பிறகு பிறந்த குழந்தைகளைக் கவனித்தபோது, ஃபுளூ ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளில், பரிசோதனையில் உறுதியான ஃபுளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. 2008-இல் இது வெளிவந்தது. ஓர் ஊசி, இரண்டு உயிர். நம்மைப்போலக் கையில் கொஞ்சமே வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்? அவசரப்பட்டு யாரும் பயப்பட வேண்டாம்: ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் தாய்க்கு ஃபுளூ வராது. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம்.

2012-இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளையே முதலிடத்தில் வைத்தது. 2022-இல் அதைத் திருத்தி, மருத்துவப் பணியாளர், நாள்பட்ட நோயுள்ளவர், முதியோர், கர்ப்பிணிகள் ஆகிய நால்வரையும் முன்வரிசையில் வைத்து, குழந்தைகளைச் சேர்ப்பதை அந்தந்த நாட்டின் நிலைமைக்கு விட்டது. இந்திய அரசின் வழிகாட்டுதலும் மருத்துவப் பணியாளரையும் கர்ப்பிணிகளையும் முன்னே வைக்கிறது. எனினும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகப் போடப்படும் ஊசிகளில் ஃபுளூ ஊசி இல்லை. கடையில் வாங்கினால், ஒரு ஊசியின் விலை கூலி வேலை செய்கிறவருக்குச் சில நாள் சம்பளம். உங்கள் காணிக்கை இந்த இடத்தில்தான் உதவுகிறது.

நாள்பட்ட நோயாளிகளைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. இருதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை ஆகியவற்றின் பெயரைச் சொன்னாலே புரியும். ஆனால் சர்க்கரை வியாதியை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு அது இருப்பதாக 2023-இல் வெளியான கணக்கெடுப்புச் சொல்கிறது. அவர்களுக்கு ஃபுளூ வந்தால் நிமோனியா வரை போவது எளிது. இருதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, கனடாவின் ஒன்டேரியோ மாகாணத்தில் செய்யப்பட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வைச் சொல்வேன்: ஃபுளூ உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்றச் சமயங்களைவிட ஆறு மடங்காக இருந்தது.

இனி குழந்தைகள். ஆதரவாளர்களில் பலர் பள்ளிக்கூடங்களோடு தொடர்புள்ளவர்கள். "பிள்ளைகளுக்கு ஏன் போடவில்லை?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். கேள்வி சரியானதே. வீட்டுக்கு ஃபுளூவைக் கொண்டுவருவது பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைதான். ஜப்பான் தேசத்தார் இதை வைத்தே ஒரு திட்டம் போட்டார்கள். 1957-இல் பரவிய ஆசிய ஃபுளூவுக்குப் பிறகு, 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். 1977-இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். பிறகு ஊசியால் என்ன பயன் என்ற கேள்வி எழுந்து, 1987-இல் சட்டம் தளர்ந்து, 1994-இல் திட்டமே நின்றது. நின்ற பிறகுதான் அதன் பயன் கண்ணுக்குத் தெரிந்தது. குளிர்காலத்தில் இறக்கும் முதியோர் எண்ணிக்கை உயர்ந்தது. 2001-இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, அந்தத் திட்டம் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்களைத் தடுத்திருந்தது. ஏறக்குறைய 420 பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி ஒரு மரணத்தைத் தடுத்தது என்று கணக்கிட்டார்கள். ஊசி போட்டது பேரனுக்கு. பிழைத்தது பாட்டி.

இன்னும் நேரடியான சாட்சி ஒன்று உண்டு. கனடாவில் ஹட்டரைட்டுகள் என்ற கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய சபை. ஆதித் திருச்சபையாரைப்போல உடைமைகளைப் பொதுவில் வைத்து, தனிக் குடியிருப்புகளில் விவசாயம் செய்து வாழ்கிறவர்கள். சேர்ந்தே உண்பார்கள், சேர்ந்தே ஆராதிப்பார்கள். வெளியாரோடு கலப்பு குறைவு. நோய் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது. 2008-09 குளிர்காலத்தில் 49 குடியிருப்புகள் ஆய்வுக்குச் சம்மதித்தன. சில குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு ஃபுளூ ஊசியும், மற்றவற்றில் மஞ்சள் காமாலை ஊசியும் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ஃபுளூ ஊசி போட்ட குடியிருப்புகளில், ஊசியே போடாத மற்றவர்களுக்கும் ஃபுளூ 61 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்தபோது, நம்மூர்ப் பள்ளிக்கூடத்துக்கே எல்லா ஊசியையும் கொண்டுபோய்விடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அங்கே சராசரியாகப் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்குமேல் ஊசி போட்டிருந்தார்கள். ஊரே ஒரு வேலிக்குள் இருந்தது. நம்மிடம் நூறு ஊசி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். நூறு ஊசி ஐம்பது பிள்ளைக்குத்தான் வரும். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐம்பது பேருக்குப் போடுவது கடலில் பெருங்காயம் கரைத்த கதைதான். ஜப்பானால் முடிந்தது அரசாங்கத்தால்தான் முடியும். சிறிய கையிருப்பு உள்ளவர்கள், ஒரே ஆள் மூலமாகப் பல பலவீனரைத் தொடுகிற இடத்தைத் தேட வேண்டும். ஆயாவும் கர்ப்பிணியும் நமக்கு அந்த இடங்கள். இருதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ள பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் நோயாளிகள் வரிசையிலேயே வந்துவிடுகிறார்கள்.

முன்னுரிமைப் பட்டியல் எழுதுவது எளிது. அதன்படி நடப்பதுதான் கஷ்டம். 2004 அக்டோபரில் அமெரிக்காவே இதைக் கற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத் தொழிற்சாலை ஒன்றின் உரிமத்தை அங்குள்ள அதிகாரிகள் திடீரென்று நிறுத்திவைக்கவே, அமெரிக்கா எதிர்பார்த்திருந்த ஊசிகளில் ஏறக்குறையப் பாதி ஒரே நாளில் இல்லாமற்போயிற்று. அன்றே பட்டியல் வெளியானது: சிறு குழந்தைகள், 65 வயதுக்கு மேற்பட்டோர், நோயாளிகள், கர்ப்பிணிகள், மருத்துவப் பணியாளர், சிசுக்களைக் கவனிப்போர். முதியோர் கடைவாசல்களில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். சில ஊர்களில் குலுக்கல் போட்டார்கள். பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. பட்டியலில் இருந்தவர்களே பலர், "என்னைவிடத் தேவையுள்ளவர் யாருக்காவது போகட்டும்" என்றும், எப்படியும் கிடைக்காது என்றும் வீட்டில் இருந்துவிட்டார்கள். 2005 ஜனவரியில் பல இடங்களில் ஊசி மிஞ்சி, யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. குளிர்பெட்டியில் இருக்கும் ஊசி யாரையும் காப்பாற்றாது. பருவம் முடிந்தால் அதைக் கொட்டத்தான் வேண்டும்.

நம் மருத்துவமனையில் நாங்கள் கண்ட தொல்லை வேறு வகை. ஊசி வந்திருக்கிறது என்று தெரிந்தவுடன் சிபாரிசுகள் வரும். இன்னாருடைய மகன் வெளிநாடு போகிறான், இன்னார் நமக்கு மிகவும் வேண்டியவர் என்று துண்டுச் சீட்டுகள். எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்கள் பிள்ளைமேல் உள்ள பாசம். ஆனால் வார்டு ஆயாவுக்காகச் சிபாரிசுச் சீட்டு எழுத யார் இருக்கிறார்கள்? அதனால் ஊசி வருவதற்கு முன்பே வரிசையை எழுதி, மருந்தகத்தின் வாசலில் எல்லாரும் பார்க்க ஒட்டிவிடுகிறோம். முதலில் பிரசவ வார்டு, பச்சிளங் குழந்தைகள் வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் நோயாளிகளைத் தொட்டு வேலை செய்யும் எல்லாரும், சம்பள வித்தியாசம் பாராமல். கூடவே பரிசோதனைக்கு வரும் ஏழைக் கர்ப்பிணிகள். பிறகு டயாலிசிஸ் நோயாளிகள், நுரையீரலும் இருதயமும் கெட்டவர்கள், சர்க்கரை நோய் முற்றியவர்கள். பிறகு முதியோர், அதிலும் தனியாக இருப்பவரைவிட முதியோர் இல்லத்தில் கூட்டமாக இருப்பவர்களும் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் முன்னே. முதியோருக்கென்று நீங்கள் குறித்துக் கொடுத்தது இந்த வரிசைக்குக் காத்திராமல் நேரே அவர்களுக்கே போகும். இரண்டு வாரம் கழித்தும் மீந்திருந்தால், கேட்கிற யாருக்கும் போட்டுவிடுகிறோம், சீட்டு வேண்டாம்.

நேரமும் முக்கியம். வட இந்தியாவில் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையோடும், காஷ்மீரில் ஜனவரிக் குளிரிலும் ஃபுளூ உச்சத்துக்கு வருகிறது. சென்னை, வேலூர்ப் பக்கங்களில் அது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில் வருகிறது. ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் போட்டுவிட வேண்டும். இதற்கென்று அனுப்ப நினைப்பவர்கள் ஜூலை மாதத்துக்குள் அனுப்பினால், முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்க வசதியாயிருக்கும். கிறிஸ்துமஸ் காணிக்கையாக வருவதை நன்றியோடு அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வோம்.

அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்ட தாயாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆயா எழுந்த பிறகு அந்த நாற்காலியைக் காட்டி, "நீங்க உக்காருங்கம்மா" என்றேன். அவருக்கு எழுபதுக்கு மேல் வயது; ஆஸ்துமாவுக்கு இழுப்பு மருந்து கைப்பையிலேயே இருந்தது. "எனக்கெதுக்குங்க டாக்டரம்மா, வேற யாராவது ஏழைப்பட்டவங்களுக்குப் போடுங்க" என்று பின்வாங்கினார். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு 2004-தான் ஞாபகம் வந்தது. "பாட்டிமாருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? நீங்களும் பாட்டிதானேம்மா" என்றேன். கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டு நாளைக்குக் கை கொஞ்சம் வலிக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி, நர்ஸ் அவர்களைப் பேருந்துக்கு அனுப்பிவைத்தார்.